சின்னவ கை வச்ச கண்ணாடி

அந்த வீட்டில் யாராவது ஒரு தப்புச் செய்தால் அது திட்டோடு முடியாது. அதற்கு ஒரு பேர் வைத்துவிடுவார்கள். வைத்த பேர் பிள்ளை, பேரப்பிள்ளை என்று இறங்கி, செய்தவர் போய்ச் சேர்ந்த பிறகும் வீட்டுக்குள் நடமாடிக்கொண்டிருக்கும். கண்ணாடி அறுத்து விற்கிற குடும்பம். மூன்று தலைமுறையாக ஜன்னலுக்கும் அலமாரிக்கும் கடை முகப்புக்கும் கண்ணாடி போட்டே சாப்பிட்டவர்கள். கையில் அத்தனை நிதானம். வாயில் மட்டும் அது கொஞ்சமும் கிடையாது.

பெரியப்பா ஒருவர் இருந்தார். ஜன்னலுக்கு அளவெடுக்கப் போனவர், வாசலில் நாய் நிற்பதைப் பார்த்துவிட்டு, எதிர்வீட்டு மாடியில் நின்று கண்ணாலேயே அளந்துகொண்டு வந்துவிட்டார். கண்ணாடி ஒரு சாண் குறைந்தது. அன்றிலிருந்து கிட்டப் போகாமல் அடித்துவிடுகிற கணக்கு எதுவானாலும் அங்கே அது 'பெரியப்பா அளவு'. சித்தப்பா ஆள் உயர நிலைக்கண்ணாடியைச் சுமந்துகொண்டு குறுக்கு வழி என்று சந்தைக்குள் புகுந்தார். எதிரில் வந்தவன் எல்லாம் அவரை நிறுத்தித் தலை வாரிக்கொண்டான். ஒருவன் மீசையையே திருத்திக்கொண்டான். பத்து நிமிஷ வழி, போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. அது 'சித்தப்பா குறுக்கு வழி' ஆனது. மாமா மூன்றாம் மாடி ஜன்னல் விளிம்பில் நின்றபோது யாரோ ஏணியை எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். இறக்கிவிடச் சொல்லிக் கேட்க வெட்கப்பட்டு, கீழே போகிறவர்களிடம் "சும்மா காத்து வாங்குறேன்" என்று அரை நாள் நின்றார். வேறு வழியில்லாமல் செய்வதை ஆசைப்பட்டுச் செய்வதாகக் காட்டிக்கொண்டால் அது 'மாமா காத்து'. இதையெல்லாம் சொல்லும்போது மாமாவே வயிறு குலுங்கச் சிரிப்பார்.

ஒரே ஒரு சொல்லுக்கு மட்டும், அது யாரைப் பற்றியதோ அந்த ஆளுக்குச் சிரிப்பு வரவில்லை. முப்பத்தெட்டு வருஷமாக வரவில்லை. அந்த ஆள் இந்த வீட்டின் கடைசிப் பெண். அப்பாவும் அம்மாவும் அவளைச் 'சின்னவ' என்றே கூப்பிட்டார்கள். இப்போது அவளுக்கு ஐம்பத்தாறு வயது, முழங்கால் வலி, சதுரக் கண்ணாடி போட்ட மூக்கு. ஆனாலும் நாமும் சின்னவள் என்றே சொல்லிக்கொள்வோம். அந்தப் பேருக்காகத்தானே இத்தனை சண்டையும்.

ஒரு சொல் வீட்டுச் சொல்லாவதற்கு முறை ஒன்று இருந்தது. கடையின் பின்கட்டில் கம்பளி விரித்த அறுப்பு மேஜை. அதன் தலைமாட்டில் ஆணியில் தொங்கும் ஐந்தடி மரக்கோல். கண்ணாடியில் கோடு போடும்போது கட்டர் வழுக்காமல் இருக்க அண்டை கொடுக்கிற கோல் அது. யாராவது மாட்டிக்கொண்டால் அப்பா அந்தக் கோலை எடுத்து மேஜை விளிம்பில் மூன்று தட்டு தட்டுவார். பேரைச் சொல்லுவார். அவ்வளவுதான், கோல் தட்டியாச்சு. அதற்குமேல் பேச்சு கிடையாது. தட்டிய பிறகு எதிர்த்துப் பேசியவர் அந்த வீட்டில் யாரும் இல்லை, ஒருத்தியைத் தவிர.

அன்றைக்கு ஒரு மருந்துக்கடை முகப்புக்கு ஆறடிக் கண்ணாடி அறுக்க வேண்டும். சின்னவளுக்குப் பதினெட்டு வயது. மூன்று வருஷமாகச் சின்னச் சின்னத் துண்டாக அறுத்து அப்பாவின் கண்ணில் பட்டவள். அண்ணனுக்கு இருபத்துநாலு. கடை அவனுக்குத்தான் என்று எப்போதோ முடிவாகிவிட்டது. அண்ணன் கோடு போடுவான், ஆனால் கோடு போட்ட கண்ணாடியை மேஜை விளிம்பில் வைத்து அழுத்தி உடைக்கிற இடத்தில் அவனுக்குக் கை உதறும். பெரிய கண்ணாடி என்றால் ஏதாவது சாக்குச் சொல்லி வெளியே போய்விடுவான். இது அப்பாவுக்கும் தெரியும், யாரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. அன்று காலை அப்பா, "இன்னைக்குச் சின்னவ அறுக்கட்டும்" என்றார். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மேலே போர்த்தியிருந்த தாளை எடுத்தாள். கட்டரை மண்ணெண்ணெயில் தோய்த்து, கோலை வைத்து ஒரே இழுப்பு. கோடு சரியாக விழுந்தால் துணி கிழிகிற மாதிரி சீரான ஒரு சத்தம் வரும். அந்தச் சத்தம் வந்தது. விளிம்புக்குத் தள்ளி அழுத்தினாள். வெடிப்பு அவள் கோட்டிலேயே இரண்டு சாண் ஓடியது. அங்கிருந்து சட்டென்று திரும்பி, குறுக்கே போய், மூலையைப் பிய்த்துக்கொண்டு விழுந்தது. ஆறடிக் கண்ணாடி இரண்டு கோணல் துண்டாகக் கிடந்தது.

சின்னவள் அழவில்லை. குனிந்து துண்டின் ஓரத்தைப் பார்த்தாள். கட்டர் ஓடிய இடத்தில் ஓரத்தில் பொடிப் பொடியாகப் பல் தெரியும். தானாக உடைந்த இடம் மழமழவென்று இருக்கும். அவள் கட்டர் படவே படாத அந்தக் கோணல் ஓரத்தில் பல் இருந்தது. யாரோ முன்னாடியே கோடு போட்டு, அது கோணிப்போனதும் கோடு கண்ணில் படாதபடி எண்ணெய்த் துணியால் துடைத்து, தாளைப் போர்த்திவிட்டுப் போயிருக்கிறார்கள்.

"இங்க பாருங்கப்பா, இது என் கோடு இல்ல. யாரோ முந்தியே கட்டர் ஓட்டியிருக்காங்க."

அப்பா அண்ணனைப் பார்த்தார். "நீ தொட்டியா?"

"நான் தொடவே இல்லப்பா. புதுசு அது. யாரும் கை வைக்கல."

அப்பா துண்டை வாங்கி ஓரத்தில் கட்டைவிரலை மெதுவாக ஓட்டினார். அந்தக் கட்டைவிரலுக்குத் தெரியாத கண்ணாடி ஊரில் கிடையாது. ஓட்டி முடித்துவிட்டு மகனை ஒருதரம் பார்த்தார், மகளை ஒருதரம் பார்த்தார். அப்புறம் கோலை எடுத்தார். மூன்று தட்டு.

"சின்னவ கை வச்ச கண்ணாடி."

எல்லோரும் சிரித்தார்கள். சின்னவள் மட்டும் மேஜையை ஓங்கி அறைந்தாள். "பொய்! நீங்க தடவிப் பாத்தீங்கல்ல? உங்களுக்குத் தெரியும்ப்பா! தெரிஞ்சுக்கிட்டே தட்டுறீங்க!" என்று கத்தினாள். கோல் தட்டிய பிறகு அப்படிக் கத்தினது அந்த வீட்டிலேயே அதுதான் முதல் தடவை. அப்பா கோலை ஆணியில் மாட்டிவிட்டுச் சாப்பிடப் போனார். அதன்பிறகு அறுப்பு மேஜைப் பக்கமே அவளை விடவில்லை. விளக்குமாறும் துடைக்கிற துணியும்தான்.

மூன்று வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு இருந்தாள். பிறகு ஒரு நாள் தன் கட்டரைக் கைக்குட்டையில் முடிந்துகொண்டு, நகரத்தின் மறுகோடியில் இருந்த ஒரு கண்ணாடிப் பட்டறைக்குப் போய் வேலை கேட்டாள். பெருக்குகிற வேலைதான் இருக்கிறது என்றார் முதலாளி. "பெருக்குறேன். சாயங்காலம் துண்டு துணுக்கெல்லாம் எனக்குக் கொடுத்துடுங்க" என்றாள். பெருக்கிய துண்டுகளை வைத்தே அறுத்துப் பழகினாள். இரண்டே வருஷத்தில் முதலாளி மேஜையை அவளிடம் விட்டார். போட்ட கோட்டின்மேல் மறுபடி கட்டர் வைக்கமாட்டாள் என்பதால் பட்டறையில் அவளுக்கு 'ஒத்தைக்கோடு' என்று பேர் வந்தது. ஒத்தைக்கோட்டக்கா என்றால் அந்த வட்டாரத்தில் தெரியாதவர் இல்லை.

இன்னொரு பழக்கமும் அவளுக்கு உண்டு. எந்தக் கண்ணாடியானாலும், பெட்டியிலிருந்து அப்போதுதான் எடுத்ததானாலும், கட்டரை எடுப்பதற்கு முன்னால் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரம் வரை நகத்தை ஓட்டிப் பார்ப்பாள். பழைய கீறல் எங்காவது இருந்தால் நகத்தில் தட்டிவிடும். "தடவிக் கொடுத்தாத்தான் அக்காவுக்குக் கண்ணாடி வழிக்கு வரும்" என்று பட்டறையில் கேலி பேசுவார்கள். பேசிவிட்டுப் போகட்டும். முப்பத்தைந்து வருஷத்தில் அவள் கையில் ஒரு பெரிய கண்ணாடி கோணியதில்லை.

வண்டிக்குக் கண்ணாடி போட வந்த ஒரு பள்ளிக்கூட வேன் டிரைவர், கண்ணாடி போட்ட ஆளையும் சேர்த்துக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். அவர்தான் வீட்டுக்காரர். நல்ல மனுஷர், அதிர்ந்து பேசாதவர். அவளுக்குச் சேர்த்து அவர் அமைதியாக இருந்தார், அவருக்குச் சேர்த்து அவள் சத்தம் போட்டாள். குடும்பம் நன்றாகத்தான் ஓடியது.

ஆனால் அந்தச் சொல் விடவில்லை. அண்ணன் வீட்டுக்கு நல்லது கெட்டதுக்குப் போனால் போதும், டிவி பாதியில் நிற்கும், யாரோ ஒருவர் "சின்னவ கை வச்ச கண்ணாடி!" என்பார். வரன் தட்டிப்போகும், அதற்கும் அதே சொல். ஆரம்பத்தில் ஒவ்வொரு தடவையும், "அதை நான் உடைக்கல" என்று அந்த இடத்திலேயே சொல்லிவிடுவாள். சரி சரி என்று சிரித்துக்கொண்டே தண்ணீர் கொடுப்பார்கள். ஒரு பத்து வருஷத்தில் சொல்வதை நிறுத்திவிட்டாள், போவதையும் குறைத்துக்கொண்டாள். அப்பா அம்மா போன பிறகு சின்னவ என்று கூப்பிடவும் ஆள் இல்லை. அண்ணன் 'ஏம்மா' என்பான், பிள்ளைகள் 'அத்தை' என்பார்கள். பேர் இருந்தது, ஆளைத்தான் மறந்துவிட்டார்கள். கோபம் மட்டும் அப்படியே இருந்தது, வைத்த இடத்தில் வைத்தபடி.

கூத்து இனிமேல்தான். அண்ணன் மகன், முப்பது வயது எஞ்சினியர், பழைய கடையில் பின்கட்டை மட்டும் விட்டுவிட்டு, முன்பக்கத்தை இடித்துப் பெரிதாகக் கட்டினான். திறப்பு விழாவுக்கு ஒரு வாரம் இருக்கும்போது பட்டறைக்கு வந்து சின்னவள் முன்னால் ஒரு தாளை விரித்தான்.

"அத்தை, இந்த வேலை உங்க கையாலதான் ஆகணும். கடை வாசல்ல ஒரு பலகை மாட்டப் போறேன். நம்ம வீட்டுப் பழைய சொல்லெல்லாம் பன்னெண்டு எடுத்து, அர்த்தத்தோட எழுதி வாங்கிட்டேன். மேல மூட கண்ணாடி வேணும். அஞ்சடிக்கு மூணடி. வர்றவங்க படிச்சிட்டு நிப்பாங்கல்ல?"

அவனுக்கு முகமெல்லாம் பல். சின்னவள் மூக்குக் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு படித்தாள். பெரியப்பா அளவு, மாமா காத்து என்று வரிசையாக வந்தது. ஏழாவது வரியில் கண் நின்றது. 'சின்னவ கை வச்ச கண்ணாடி: தொட்டதுமே உருப்படாமல் போன காரியம்.'

"இந்தச் சின்னவ யாருடா?" என்று கேட்டாள்.

"யாரோ அந்தக் காலத்துப் பொம்பளை அத்தை. கொள்ளுத்தாத்தா காலத்துல இருந்திருப்பா. எப்பவோ செத்துப் போயிருப்பா."

"செத்துட்டாளா!"

"பின்ன? உயிரோட இருந்தா நூத்தம்பது வயசு இருக்குமே" என்று சிரித்தான் பையன். சின்னவளுக்குக் கோபம் உச்சந்தலை வரை ஏறியது. கையில் கட்டர் இருந்தது, நல்ல வேளை அதைக் கீழே வைத்தாள். இவனைத் திட்டி என்ன பிரயோசனம்? இவன் கேட்டு வளர்ந்ததைத்தானே சொல்கிறான்.

"அறுத்துத் தர்றேன். ஆனா இங்க இல்ல. திறப்பு விழா அன்னைக்கு, உங்க கடையில, தாத்தாவோட மேஜையில வச்சு, எல்லாரும் பாக்க அறுப்பேன். கண்ணாடி நீ வாங்கிப் போடு" என்றாள்.

"சூப்பர் அத்தை! விழாவுக்கே அதுதான் ஹைலைட்" என்று குதித்துக்கொண்டு போனான்.

வீட்டுக்காரரிடம் சொன்னபோது அவர் வேனைத் துடைத்துக்கொண்டிருந்தார். "இத்தனை வருஷம் ஆயிடுச்சு. விட்டுடக் கூடாதா?" என்றார்.

"எதுக்கு விடணும்? இத்தனை நாள் வீட்டுக்குள்ள சொன்னாங்க, இப்போ வாசல்ல மாட்டப் போறாங்க. அதை மூடுற கண்ணாடியை நானே அறுத்துக் கொடுக்கணுமாம். என்னைச் சாகடிச்சு, எனக்கே மாலை கட்டச் சொல்றாங்க. எங்கண்ணன் எல்லார் முன்னாடியும் உண்மையைச் சொல்லணும். அது நடக்காம நான் அந்தக் கடையை விட்டு வரமாட்டேன்."

"சொல்லுவாரா?"

"சொல்ல வைக்கிறேன்" என்றாள். எப்படி என்று அப்போது அவளுக்கே தெரியாது.

விழா பத்து மணிக்கு. சின்னவள் மேஜையைப் பார்த்துச் சரிசெய்துகொள்ளலாம் என்று எட்டு மணிக்கே போய்விட்டாள். முன்பக்கம் பளபளவென்று புதுக்கடை. பலகை சுவரில் சாய்த்து வைத்திருந்தது. பின்னறைக் கதவு ஒருக்களித்திருந்தது. உள்ளே பழைய மேஜை, அதே ஆணி, அதே மரக்கோல். மேஜைமேல் தாள் போர்த்திய கண்ணாடி ஒன்று, சுவரோரம் உபரிக்கு ஒன்று. மேஜைக்கு முன்னால் அண்ணன் தனியாக நின்றான். கையில் கட்டர்.

தங்கச்சி வந்து ஊரறிய அறுக்கிறதை அவனால் தாங்கமுடியவில்லை போல. அதற்குமுன் தானே அறுத்து முடித்துவிடலாம் என்று பார்த்திருக்கிறான். அறுபத்திரண்டு வயதில் வீம்பு! தாளை விலக்கி, கோலை வைத்து இழுத்தான். பாதியில் கோல் வழுக்கியது. கட்டர் சரிவாக ஓடி நின்றது. அப்புறம் எண்ணெய்த் துணியை எடுத்துத் துடைத்தான். தாளை எடுத்துப் பழையபடி போர்த்தினான்.

கதவுக்கு வெளியே நின்றாள் சின்னவள். முப்பத்தெட்டு வருஷத்துக்கு முன்னால் அவள் பார்க்காமல் போனதை இப்போது கண்ணால் பார்த்துவிட்டாள். சத்தமில்லாமல் திரும்பி, தெருமுனையில் போய் ஒரு டீ குடித்தாள்.

பத்து மணிக்குக் கூட்டம் பின்னறையில் நெருக்கியடித்து நின்றது. சித்தப்பாவுக்கு எண்பதாகிவிட்டது, அவருக்கு மட்டும் நாற்காலி. அண்ணி எல்லாருக்கும் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். வீட்டுக்காரர் கதவோரம் நின்றார்.

"அத்தை, ஆரம்பிக்கலாமா?" என்றான் மருமகன்.

சின்னவள் அண்ணனைத்தான் பார்த்தாள். "இந்தக் கண்ணாடி நல்லதுதானேண்ணே?"

"நல்லதுதான்."

"யாராவது தொட்டாங்களா?"

அண்ணன் சுற்றிலும் பார்த்தான். சித்தப்பா, அண்ணி, மகன் என்று எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். "இல்ல. புதுசு அது. யாரும் கை வைக்கல."

ஒரு எழுத்து மாறவில்லை பாருங்கள். அன்றைக்குச் சொன்னதே இன்றைக்கும். சின்னவள் மருமகன் பக்கம் திரும்பினாள். "நீதானேடா இப்போ முதலாளி. முதல் கோடு நீ போடு. நான் கோலைப் பிடிச்சுக்கூட உதவமாட்டேன், தள்ளி நிக்கிறேன். கையுறையை மாட்டிக்கோ."

"நானா? ... நீங்க நகம் ஓட்டிப் பாக்கலையா அத்தை? பாக்காம அறுக்க மாட்டீங்களே."

"உங்கப்பாவே சொல்லிட்டார் யாரும் தொடலைன்னு. அப்புறம் எதுக்கு நகம்?"

"அவனுக்கென்ன தெரியும், விடும்மா. வேற கண்ணாடி எடுத்துக்கலாம்" என்றான் அண்ணன் அவசரமாக.

"ஏன்ணே? இதுல என்ன கோளாறு?"

அண்ணன் வாயைத் திறந்தான். சொல்லியிருக்கலாம். காலையில் நான் ஒரு கோடு போட்டேன், கோணிப்போச்சு என்று ஒரே வரி, பெத்த மகனாவது தப்பித்திருப்பான். திறந்த வாயை மூடிக்கொண்டான். சின்னவள் கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு சுவரோரம் போய் நின்றாள்.

மருமகன் கவனமாகத்தான் செய்தான். கோடு நேராகத்தான் விழுந்தது. விளிம்புக்குத் தள்ளி, மூச்சைப் பிடித்து அழுத்தினான். வெடிப்பு நேராக வந்து, பாதியில் திரும்பி, சரிவாக ஓடி, ஒரு மூலையைப் பிய்த்தது. மூலை தரையில் விழுந்து நொறுங்கியது, மிச்சம் மேஜையில் கிடந்தது.

"அடடா! சின்னவ கை வச்ச கண்ணாடி!" என்றார் சித்தப்பா. பழக்கதோஷம். கூட்டம் முழுக்க அதையே சொல்லிக் கொல்லென்று சிரித்தது.

"சின்னவ எங்க கை வச்சா?"

சுவரோரத்திலிருந்து வந்த குரலில் சிரிப்பு நின்றது. "நான் இன்னும் தொடவே இல்லையே. ரெண்டு கையையும் கட்டிக்கிட்டு நிக்கிறேன். சித்தப்பா, உங்களுக்குத் தெரியாதா சின்னவ யாருன்னு? சொல்லுங்க இவங்களுக்கு."

சித்தப்பா தலையைக் குனிந்துகொண்டார். மருமகன் ஒன்றும் புரியாமல் விழித்தான். "அத்தை... நீங்களா? பலகையில எழுதியிருக்கிற..."

"நானேதான். செத்துப்போனவ." சின்னவள் மேஜையில் கிடந்த துண்டை எடுத்து அவனிடம் நீட்டினாள். "இந்தச் சரிவுல ஓரத்தைப் பாரு. பொடியாப் பல் தெரியுதா? உன் கட்டர் இந்தப் பக்கம் போகவே இல்லையே. அப்புறம் எப்படி வந்துச்சு? நீ சரியாத்தான் அறுத்த. ஆனா இப்போ எல்லாரும் உன்னைத்தான் பாத்துச் சிரிச்சாங்க. எப்படி இருக்கு?"

பையனுக்குக் கண் கலங்கிவிட்டது. ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தவன், மெல்லத் தன் அப்பாவைப் பார்த்தான். கூட்டத்தில் யாரோ, "எஞ்சினியர் அறுப்புன்னு புதுசா ஒண்ணு வச்சிட வேண்டியதுதான்" என்று முணுமுணுத்துச் சிரித்தார்கள். அது அண்ணன் காதில் விழுந்தது. மகன் முகம் போன போக்கையும் அவன் பார்த்தான்.

"சொல்லுண்ணே" என்றாள் சின்னவள். "எனக்காகச் சொல்ல வேணாம். உன் மகனுக்காகவாவது சொல்லு. இல்ல, இவன் பேரையும் எழுதி மாட்டிடலாமா?"

அண்ணன் மேஜையைப் பிடித்துக்கொண்டான். "காலையில நான்தான் கோடு போட்டேன். கோல் வழுக்கிடுச்சு. துடைச்சு மூடி வச்சிட்டேன்."

"அன்னைக்கு?"

"அன்னைக்கும் நான்தான்" என்றான் அண்ணன். "அப்பாவுக்குப் பயந்துட்டேன்."

"எனக்கும்தான் அவர்கிட்ட பயம். நான் பொய் சொன்னேனா?" என்றாள் சின்னவள். குரல் உடைந்தது. அதற்காக அவள் வெட்கப்படவில்லை, அழுதுகொண்டேதான் பேசினாள். "அப்பாவுக்கும் தெரியும். தடவிப் பாத்துட்டுத்தான் கோல் தட்டினார். உனக்குக் கடை வேணும், அவருக்கு மானம் வேணும். ரெண்டுக்கும் சேத்து என் பேரை எடுத்துக்கிட்டீங்க. முப்பத்தெட்டு வருஷமா இந்த வீட்ல எது நாசமாப் போனாலும் அது நான். நல்லா இருக்குண்ணே உங்க நியாயம்!"

அண்ணி வாயில் முந்தானையை வைத்துக்கொண்டாள். அண்ணன் ஏதோ சொல்ல வந்தான். அவள் கேட்கவில்லை. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அந்த உபரிக் கண்ணாடியை எடுங்கடா" என்றாள்.

இரண்டு பேர் தூக்கி வந்து மேஜையில் வைத்தார்கள். சின்னவள் ஓரத்திலிருந்து ஓரம் வரை நகத்தை ஓட்டினாள். கைக்குட்டையிலிருந்து தன் கட்டரை எடுத்தாள். அப்பாவின் மரக்கோலை எடுத்து வைத்து, ஒரே இழுப்பு. அந்தச் சத்தம் அறைக்குள் நீளமாகக் கேட்டது. விளிம்புக்குத் தள்ளி அழுத்தினாள். டப்பென்று நூல் பிடித்த மாதிரி வந்தது. மிச்ச மூன்று பக்கமும் அப்படியே முடித்து, கல் வைத்து ஓரம் தேய்த்து, துடைத்தாள்.

மருமகன் ஓடிப்போய்ப் பலகையைத் தூக்கிக்கொண்டு வந்தான். "அத்தை, இந்த ஏழாவதை இப்பவே அழிச்சிடறேன்."

"எதுக்கு? அது என் பேரு. அதை ஏண்டா அழிக்கிற? சொல்லு இருக்கட்டும். பக்கத்துல இருக்கிற அர்த்தத்தை மட்டும் அழி."

பையன் மண்ணெண்ணெய்த் துணியால் தேய்த்தான். 'உருப்படாமல் போன காரியம்' கறுப்பாகக் கரைந்து துணியோடு வந்துவிட்டது. "என்னன்னு மாத்தி எழுதட்டும்?"

"ஒண்ணும் எழுதாத. காலியாவே விடு. சின்னவ கை வச்ச கண்ணாடின்னா என்னன்னு யாராவது கேப்பாங்கல்ல? மேல மூடியிருக்கிறதைக் காட்டு."

கண்ணாடியைத் தூக்க அவள் ஒரு பக்கம் பிடித்தாள். மறுபக்கம் யாரும் கூப்பிடாமலே அண்ணன் வந்து பிடித்தான். அவள் அவனை வேண்டாம் என்று சொல்லவில்லை, முகத்தைப் பார்க்கவும் இல்லை. இருவருமாகப் பலகையின்மேல் இறக்கினார்கள். நான்கு ஓரமும் மயிரிழை பிசகாமல் உட்கார்ந்தது.

அப்புறம் சின்னவள் மரக்கோலை எடுத்தாள். மேஜை விளிம்பில் ஓங்கி மூன்று தட்டு தட்டினாள்.

"இந்த வீட்ல பொம்பளை கோல் தட்டினதில்லையேம்மா" என்றார் சித்தப்பா மெதுவாக.

"தட்டியாச்சு சித்தப்பா" என்றாள் அவள். "கேக்கலைன்னா சொல்லுங்க, இன்னொரு தடவை தட்டுறேன்."